ஓசிக் கிழங்கு

இங்கிலாந்தின் வடக்கில் எங்கள் ஊரான ஓல்டர்கிளஃப்பில் காற்றடிக்காத நாள் என்று ஒன்றை நான் பார்த்தது என் கல்யாணத்தன்றுதான். அதை நல்ல சகுனம் என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. சன்னல் துடைக்கிறவனுக்குக் காற்று ஆகாது. ஏணி ஒரு பக்கம் போகும், வாளி ஒரு பக்கம் போகும், வாயில் முணுமுணுக்கிற பாட்டு மூன்றாம் பக்கம் போகும். கிளைவ் பாரக்ளஃப் என்று பெற்றவர்கள் பெயர் வைத்தார்கள். ஊர் 'ஏணி' என்று கூப்பிடுகிறது. என் பெண்டாட்டி ஷீலாகூட அப்படித்தான். கோபம் வந்தால் மட்டும் 'கிளைவ்'.

அந்தப் பிப்ரவரியில் காற்று ஊருக்குள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'நடுங்கும் கிடா' பப்புக்குள் நுழைந்தபோது எனக்கு முன்னால் வில்ஃப் சக்டன் விலை எழுதிய கரும்பலகையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். கல்குவாரியில் வெடி வைத்து ஓய்வுபெற்ற மனுஷர். இந்தப் பப்பின் பெயர்ப்பலகையில் இருக்கிற செம்மறிக்கிடா நடுங்குவதே அவர் வருகிறதைப் பார்த்துத்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

"இருபத்தாறு," என்று உரக்க வாசித்தார். "இருபத்தாறு என்னடா? தேதியா?"

"பவுண்டு, வில்ஃப்பண்ணே," என்றேன். "சுட்ட மாட்டுக்கறிச் சாப்பாடு."

"ஒரு ஆளுக்கா?"

"ஒரு ஆளுக்குத்தான்."

"மாடு உசுரோட வருமா? சாப்ட்டுட்டு மிச்சத்தை ஓட்டிக்கிட்டுப் போகலாமா?" பார் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு கிடைத்தால் வில்ஃப் விடமாட்டார். "கறியை அடுப்புல வைக்க இருபத்தாறா? நானே வெச்சுக்குவேனே!"

பாருக்குப் பின்னால் டெஸ்மண்ட் ஹோல்ராய்டு குழாயிலிருந்து பீர் பிடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவர்தான். தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கப்பா வில்ஃப்," என்றார். "ஹெட்டி போட்ட விலை. எனக்கே கூச்சமாத்தான் இருக்கு."

அவர் தலைக்குப் பின்னால், சமையலறையிலிருந்து தட்டு எடுத்துத் தருகிற சின்னத் திறப்பு. அதில் அவர் மகள் ஹெட்டியின் முகம் ஒரு நொடி தெரிந்தது. அப்புறம் பாத்திரம் ஒன்று தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கீழே வைக்கப்பட்டது.

வில்ஃப் அதைக் கவனிக்கவில்லை. அவர் பாரின் நடுவில் காலியாக இருந்த ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிண்ணம் எங்க?"

கிண்ணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஞாயிறு மத்தியானம் பாரின்மேல் ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சுட்ட உருளைக்கிழங்கு இருக்கும். உப்பு தூவி, ஓசியாக. உப்பு தாகத்தைக் கொண்டுவரும், தாகம் பீரைக் கொண்டுவரும் என்பது கணக்கு. டெஸ்மண்டின் மனைவி பாலின் இருந்த காலத்தில் அந்தக் கிழங்கால் கண்ணாடியை உடைக்கலாம். ஆளுக்கு ஒன்று எடுப்போம், மரியாதைக்கு. பாலின் பிற்பாடு பீர் லாரி ஓட்டி வந்தவனோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். "போனாப் போறா, மைக்ரோவேவை விட்டுட்டுத்தானே போயிருக்கா," என்றார் டெஸ்மண்ட். அதற்கப்புறம்தான் அவருக்கு இந்த 'மன்னிச்சுக்க' வியாதி வந்தது. மற்றவர்களுக்கு இருமல் வருகிற மாதிரி. மழை பெய்தால்கூட வாடிக்கைக்காரரிடம் மன்னிப்புக் கேட்பார்.

போன இலையுதிர் காலத்தில் டெஸ்மண்டின் முழங்காலும் அந்த மைக்ரோவேவும் ஒரே வாரத்தில் போய்விட்டன. ஹெட்டி வந்தாள். லீட்ஸிலும் லண்டனிலும் பெரிய அடுப்படிகளில் வெந்தவள். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. அவள் முதல் ஞாயிறன்றே கிழங்கைப் பாதி வேகவைத்து, சட்டியோடு குலுக்கி ஓரமெல்லாம் உதிரச் செய்து, புகை கிளம்புகிற மாட்டுக்கொழுப்பில் புரட்டிச் சுட்டாள். வாயில் போட்டால் முதலில் சத்தம், அப்புறம் மெத்து. வில்ஃப் பாதி வாக்கியத்தில் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விளைவு என்னவென்றால், ஊரே ஓசிக் கிழங்கை வயிறு முட்டத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனது. உள்ளே சாப்பாட்டு அறையில் அவள் சமைத்த கறி ஆளில்லாமல் ஆறியது. நான் எத்தனை தின்றேன் என்று ஷீலாவிடம் சொன்னதில்லை. கோட்டுப் பையில் இருந்த கொழுப்புக்கறை சொல்லிவிட்டது.

"கிண்ணம் இனிமே கிடையாது, வில்ஃப் மாமா," என்று திறப்பிலிருந்து ஹெட்டி சொன்னாள். "கிழங்கு வேணும்னா உள்ள வந்து உக்காந்து சாப்பிடுங்க. கறியோட வரும்."

இந்த ஊரில் தேவாலயத்தைப் பூட்டினால்கூட நாலு பேர்தான் முணுமுணுப்பார்கள். இது கிழங்கு.

"அப்படியா சேதி," என்றார் வில்ஃப். கோட்டை மாட்டினார். "பௌலிங் கிளப்ல இன்னும் கிழங்கு போடறாங்க. ஓசியில. அடுத்த ஞாயிறு எல்லாரும் அங்க வர்றீங்க. ஏணி, நீயும்தான்."

"வர்றேன்ணே," என்றேன். எனக்கு முதுகெலும்பு உண்டு. ஏணி ஏறும்போது வலிக்கும், மற்ற நேரத்தில் தெரியாது.

டெஸ்மண்ட் வாசல் வரைக்கும் நொண்டிக்கொண்டே வந்து ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

*

வியாழக்கிழமை பப்பின் முறை. டெஸ்மண்ட் எனக்குக் காசு தருவதில்லை. சன்னலுக்கெல்லாம் சேர்த்து இரண்டு பைண்ட் பிட்டர் பீர். இரண்டு பேருக்கும் வசதி, ஷீலாவுக்கு மட்டும்தான் இல்லை.

சமையலறைச் சன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேல்பாதி ஒரு கையளவு திறந்திருந்தது, ஆவி போக. உள்ளே எலும்புக் குழம்பு கொதிக்கிற வாசனை. அப்பாவும் மகளும் கேரட் சீவிக்கொண்டிருந்தார்கள்.

"போன ஞாயிறு எத்தனை பேர்கிட்டப்பா மன்னிப்புக் கேட்டே?"

"யார்கிட்டயும் இல்லியே கண்ணு."

"அப்பா. அந்தத் திறப்பு என் காதுக்கு நேரா இருக்கு."

கேரட் சீவும் சத்தம் ஒன்று நின்றது.

"தெரிஞ்சவங்கம்மா. வில்ஃப் என் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன். உங்கம்மா போனப்ப ஒரு வாரம் இங்கயே வந்து பேசாம உக்காந்திருந்தான். அவன் பேசாம உக்காந்தான்னா யோசிச்சுப் பாரு! அவன்கிட்டப் போயி இருபத்தாறுன்னு எப்படிச் சொல்றது?"

"வாயைத் திறந்து சொல்றது."

"கொஞ்சம் கொறைச்சா..."

"எதைக் கொறைக்கறது? மாடு அந்த மேட்டுப் பண்ணையில புல்லு தின்னு வளந்தது. கறியை நாலு வாரம் தொங்கவிட்டுப் பதமானதும்தான் வாங்குறேன். எலும்பு நேத்துலேர்ந்து கொதிக்குது. நான் காலைல எந்திரிக்கறப்போ உன் பால்காரனே தூங்கறான். இதுல எங்கப்பா ஏமாத்து இருக்கு?"

"ஏமாத்துன்னு நான் எங்கம்மா சொன்னேன்?"

"நீதான் சொல்றே. விலையைச் சொல்லிட்டு மன்னிச்சுக்கன்னா என்ன அர்த்தம்? எம் பொண்ணு உங்களைச் சுரண்டறா, நான் என்ன பண்ணுவேன்னு அர்த்தம். வில்ஃப் மாமா கிண்டல் பண்ணட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. அவர் வெடியையே கிண்டல் பண்ணவரு. நீ சொல்றதுதான்..."

நான் அதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடச் சுத்தமான கண்ணாடி அன்றைக்கு இங்கிலாந்தில் இருந்திருக்காது.

"லீட்ஸ் ஓட்டல்காரங்க திங்கக்கிழமை பதில் கேட்டிருக்காங்கப்பா."

"போயிடுவியா?"

"ஞாயித்துக்கிழமை உன் வாயிலேர்ந்து என்ன வருதுன்னு பாக்கறேன். அந்த வார்த்தை இன்னொரு தடவை காதுல விழுந்துச்சுன்னா, போயிடுவேன்."

"நீ போனா நான் கதவைச் சாத்த வேண்டியதுதான்மா. இந்தக் காலை வெச்சுக்கிட்டு..."

"தெரியும். அதை என் தலைல வைக்காதே."

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது ஒளிந்துகொள்ள எனக்கு ஒரு வாளிதான் இருந்தது.

"என்ன ஏணி, அந்தக் கண்ணாடி ஓட்டையாகப் போகுது."

"பிடிவாதமான அழுக்கு, கண்ணு."

அவள் என்னையும் ஏணியையும் பார்த்தாள். காற்றில் அவள் ஏப்ரன் படபடத்தது. "மாடிச் சன்னல் வேணாம். என் ரூம்தானே. எதுக்குச் சோப்பை வீணாக்கறே."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் அடுத்த சன்னலுக்கு ஏறும்போது பக்கவாட்டில் பார்வை போகத்தானே செய்யும். கட்டிலின்மேல் பெட்டி திறந்து கிடந்தது. பாதி நிரம்பி.

அன்று மீதி வீடுகளில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எனக்கு டெஸ்மண்டைத் திட்டவும் வாயில்லை. ஒவ்வொரு வாசலிலும் காசு கேட்கும்போது நான் ஏணியின் காலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பேன். "மன்னிச்சுக்கம்மா, போன மாசம் மாதிரியேதான்." விலையை ஏற்ற வேண்டும் என்று புது வருஷம்தோறும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பேன். கண்ணாடியில் இருக்கிறவன் தலையை ஆட்டுவான். வாசலில் அவன் கூட வரமாட்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை மழையும் சேர்ந்துகொண்டது. பௌலிங் கிளப் மேட்டின்மேல் இருக்கிறது. தகரக் கூரையைக் காற்று பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. வில்ஃப், நாய் வைத்திருக்கிற மாரிஸ், நான், இன்னும் நாலைந்து பேர். நடுவில் கிழங்குத் தட்டு. உறையவைத்த பொட்டலக் கிழங்கு. வெளியே சாம்பல் நிறம், கடித்தால் நடுவில் ஐஸ்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் வில்ஃப்.

"ஆமாமா. என்ன கொறைச்சல்," என்றார் மாரிஸ்.

"ஓசிதானே," என்றேன் நான்.

யாரும் இரண்டாவதை எடுக்கவில்லை. மாரிஸ் பாதியை மேசைக்கடியில் நாய்க்கு நீட்டினார். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ மனசில் வைத்துக்கொள்கிற மாதிரி அவரைப் பார்த்தது.

வில்ஃப் எழுந்தார், உட்கார்ந்தார், சன்னல் பக்கம் போனார். கடிகாரத்தைப் பார்த்தார். அவர் எழும்போதெல்லாம் நாங்களும் எழுவதற்குக் காலைத் தயார் செய்தோம். எல்லாரும் கீழே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'நடுங்கும் கிடா'வின் புகைக்கூண்டிலிருந்து வந்த புகையைக் காற்று நேராக எங்கள் பக்கம்தான் தள்ளியது. மாட்டுக்கொழுப்பு வாசனை. காற்றுக்கும் ஒரு குசும்பு உண்டு.

"டோரீன் காத்துக்கிட்டிருப்பா," என்று வில்ஃப் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பெண்டாட்டி காத்திருப்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டது அதுவே முதல் தடவை.

"நாய்க்கு உடம்பு சரியில்ல," என்று மாரிஸ் போனார். நாய் முன்னால் ஓடியது.

"ஏணியைக் கட்டாம விட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். ஏணி பத்திரமாகக் கட்டித்தான் இருந்தது. கட்டாமல் விட்டது என்னைத்தான்.

மழையில் இறங்கி, பின்சந்து வழியாக, பப்பின் பக்கக் கதவைத் தட்டினேன். டெஸ்மண்ட் திறந்தார். கழுத்தில் டை. அந்த டையை நான் இதற்கு முன் பார்த்தது விவாகரத்துக் கோர்ட்டுக்குப் போனபோது.

"பார் அந்தப் பக்கம்ப்பா, ஏணி."

"தெரியும். உள்ள மேசை இருக்கா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் வாய் திறந்தது. உதடுகள் அந்தப் பழைய வார்த்தைக்குத் தயாராகக் கூடின. திரும்பித் திறப்பைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு என்னை உள்ளே விட்டார்.

உள்ளே மலையேற வந்தவர்கள் ஒரு கூட்டம், பணக்கார ஊரான ஹாரோகேட்டிலிருந்து வந்த ஒரு தம்பதி. மூலையில், ஈரக் கோட்டுகள் தொங்குகிற மரத்தாங்கிக்குப் பின்னால், ஒருவர் சாப்பாட்டுப் பட்டியலால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பட்டியல் ஒற்றைத் தாள். சக்டன் குடும்பத்துக் காதுகளுக்கு அது போதாது.

"வில்ஃப்பண்ணே."

தாள் இறங்கியது. "டோரீன் இழுத்துக்கிட்டு வந்துட்டா," என்றார்.

"நானா?" என்றாள் எதிரில் இருந்த டோரீன். "செவ்வாக்கிழமையே மேசை சொல்லிவெச்சது யாரு? அதுவும் ஸ்மித்துன்னு பேரு குடுத்து! உக்காரு ஏணி, இவரு மொகத்தையே பாத்துக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது."

உட்கார்ந்தேன். முதலில் யார்க்‌ஷர் புட்டிங் வந்தது, தனித் தட்டில், குழம்பு ஊற்றி. ஹாரோகேட் பெண் அதைப் புதுப் பாணி என்று நினைத்துப் படமெடுத்தாள். எங்களுக்குத் தெரியும், மாவுப் பண்டத்தால் முதலிலேயே வயிற்றை அடைத்துவிட்டால் கறி கம்மியாகச் செல்லும். எங்கள் வீடுகளில் காலங்காலமாக நடந்த களவாணித்தனம்.

"இந்தத் திருட்டை எங்கம்மா சும்மாவே பண்ணுவா," என்றார் வில்ஃப். ஆனால் தட்டைக் கத்தியின் முனையால் வழித்தார்.

கறி வந்தது. அதைப் பற்றி நான் அதிகம் சொன்னால் ஷீலா படிப்பாள். உள்ளே இளஞ்சிவப்பு, ஓரத்தில் கருகின உப்பு, மென்று முடித்தபின்னும் வாயில் நிற்கிற புல்வாசம். கிழங்கு இரண்டு. கோட்டுகளிலிருந்து மழை சொட்டுகிற சத்தம் மட்டும்.

வில்ஃப் பாதியில் முள்கரண்டியை நிறுத்தினார். "கசாப்புக் கடையில இந்தத் துண்டு என்ன வெலை வரும்னு பாரு, அதோட கிழங்கு, கேரட்டு..."

"கணக்குப் போடாதீங்க," என்றாள் டோரீன். "போன மாசம் நம்ம டீமு தோக்கறதைப் பாக்க எவ்வளவு குடுத்தீங்க?"

"அது வேற."

"நாலு கோலு. மழையில. நடுவுல ஒரு கறி பஃப் வாங்கித் தின்னீங்களே, அது எப்படி இருந்துச்சு?"

"கொடுமையா இருந்துச்சு."

"அதுக்கு யாராச்சும் வந்து மன்னிப்புக் கேட்டாங்களா?"

வில்ஃப் கேரட்டைப் பார்த்தார். "எனக்குச் சாப்பாடு பிடிக்கலன்னு சொல்லல, டோரீன். நம்ம ஊரு, நம்ம பாரு. விலை ஏற ஏற நம்ம ஆளு ஒவ்வொருத்தனா வெளிய போவான், உள்ள எல்லாம் இவங்களா ஆயிடும்." ஹாரோகேட் பக்கம் தாடையைக் காட்டினார். "அப்புறம் நான் யார்கிட்டப் போய்ப் பேசறது?"

அவர் பேசியதில் கிண்டலே இல்லை. அவர் சொன்னதும் உண்மைதான். என் தட்டில் இருந்ததும் உண்மைதான்.

"கதவு மூடினா யார்கிட்டப் பேசுவீங்க?" என்றாள் டோரீன், மெதுவாக. "அந்தப் பொண்ணு போகப்போகுதாம். தபாலாபீஸ்ல பேசிக்கறாங்க."

வில்ஃப் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "நாளைக்குப் பதில் சொல்லணுமாம்ணே. டெஸ்மண்ட் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டா கிளம்பிருவா."

வில்ஃப் தட்டைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்தார். குவாரியில் வெடி வைக்கப் போகிறவர் மாதிரி இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்தார். அப்புறம் அறை முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"டெஸ்மண்ட்! எவ்வளவு ஆச்சு?"

திறப்பில் ஹெட்டி நின்றுகொண்டிருந்தாள், கையில் இடுக்கியோடு. டெஸ்மண்ட் நொண்டிக்கொண்டே வந்தார்.

"ஆளுக்கு இருபத்தாறு, வில்ஃப்."

"ஜாஸ்தியில்ல?"

டெஸ்மண்டின் உதடுகள் ஒட்டின. காற்று புகைக்கூண்டில் ஊதியது. நான் மேசைக்கடியில் என் முழங்காலையே பிடித்துக்கொண்டேன்.

"இல்ல," என்றார் டெஸ்மண்ட்.

அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வழக்கமாக ஒரு வார்த்தை வருமே, அந்த இடம் காலியாக இருந்தது. கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார். "அதோட விலை அதுதான், வில்ஃப். எம் பொண்ணு சமைச்சது," என்றார் மேசையைப் பார்த்தபடி.

வில்ஃப் அட்டையை நீட்டினார். இயந்திரம் சின்னதாகக் கூவியது.

"மோசமில்ல," என்றார்.

எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. ஷீலாவைக் கல்யாண உடையில் பார்த்துவிட்டு என் அப்பா சொன்னதும் அதுதான். ஆனால் வில்ஃப் அத்தோடு விட்டால் அவர் வில்ஃப் இல்லை. "கிழங்குதான் எண்ணிக்கையில கம்மி," என்று திறப்பைப் பார்த்துச் சொன்னார்.

"கூடக் கிழங்கு நாலு பவுண்டு," என்றாள் ஹெட்டி. "அடுத்த ஞாயிறும் இதே மேசைதானே, மிஸ்டர் ஸ்மித்?"

சக்டன் குடும்பத்துக் காதுகள் சிவந்ததை அன்று மலையேறிகள்கூடப் பார்த்தார்கள். அவள் சிரிக்கவில்லை. திறப்பை மூடிவிட்டாள். அடுத்த ஞாயிறு என்று சொன்னாளே, அது பேச்சுக்கா, நிஜத்துக்கா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. டெஸ்மண்டுக்கும்.

*

வீட்டில் நான் நாற்காலி மாற்றி நாற்காலி உட்கார்ந்தேன். "வயித்து வலியா, கிளைவ்?" என்றாள் ஷீலா. கோட்டை மோந்து பார்த்திருக்கிறாள் என்று புரிந்தது.

என் முறை வியாழன்தான். திங்கட்கிழமை காலையிலேயே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். காற்று கொஞ்சம் தணிந்திருந்தது, அதாவது தொப்பி தலையில் நின்றது. ஹெட்டி கொல்லையில் வண்டிக்காரனிடம் கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். எந்த ஞாயிறுக்கு என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

"இன்னிக்கு உன் முறை இல்லியே?"

"இந்த மழையில எல்லாம் அழுக்காயிருக்கும் கண்ணு."

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி, வந்ததுக்கு மாடிச் சன்னலையும் துடைச்சிடு. வெளிச்சமே வரமாட்டேங்குது."

நான் வாளியைக் கீழே வைத்தேன். இல்லையென்றால் விழுந்திருக்கும்.

"இன்னொண்ணு," என்றாள். "இனிமே பைண்ட்டு கிடையாது. பணமா வாங்கிக்க. மொத்தச் சன்னலுக்கும் எவ்வளவு, சொல்லு."

நான் ஏணியின் காலைப் பார்த்தேன். தொண்டைக்குள் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது. முழுங்கினேன். வறண்ட ரொட்டி மாதிரி இறங்கியது.

"பதினெட்டு," என்றேன், அவள் முகத்தைப் பார்த்து.

"பதினெட்டா!" இடுப்பில் கை வைத்தாள். குரல் அப்படியே வில்ஃப். "சன்னலைத் தண்ணி ஊத்தித் துடைக்கப் பதினெட்டா? நானே துடைச்சுக்குவேனே!"

"துடைச்சுத்தான் பாரேன்," என்று சொல்லிவிட்டு ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறினேன்.

காற்றும் மழையும் அப்பிவிட்ட அழுக்கு. இரண்டு தடவை சோப்புப் போட்டு இழுக்க வேண்டியிருந்தது. கண்ணாடி தெளிந்தபோது உள்ளே கட்டில் தெரிந்தது. பெட்டி அதன்மேல் இல்லை. அலமாரி உச்சியில், மூடி, மேலே கம்பளிகளை அடுக்கி வைத்திருந்தாள்.

கீழே அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டே, "மூலையெல்லாம் விட்டுட்டே, ஏணி!" என்று கத்தினாள். விடவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை துடைத்தேன்.